டார்வின் முதல் புரூம் வரை: வாடகைக் கூடார வண்டி ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக டார்வினில் இறங்கி, கூரைமேல் கூடாரம் பொருத்திய நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, நானும் என் மனைவியும் 14 நாள் ஆஸ்திரேலியாவின் வடமேற்கு வனாந்தரத்தில் சுற்றி, புரூம் நகரில் வண்டியை ஒப்படைத்துவிட்டு வந்தோம். ஊர் திரும்பியதிலிருந்து காரைக்குடியில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்த வண்டியைப் பற்றியே விசாரிக்கிறார்கள்; பிள்ளைகள் சிட்னியிலும் மெல்போர்னிலும் இருக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய என்பதால் அதில் வியப்பில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. என் குறை வண்டியின் மீது இல்லை, அதனோடு வந்த ஒப்பந்தத்தின் மீதுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வண்டியை நான் மனதாரப் பாராட்டுவேன். ஸ்டீயரிங் நம்மூரைப் போல வலப்பக்கம், சாலையில் செல்வது இடப்பக்கம் என்பதால் முதல் மணி நேரத்திலேயே கை பழகிவிட்டது. இரண்டு டீசல் தொட்டி, இரண்டு ஸ்டெப்னி, தனி பேட்டரியில் ஓடும் குளிர்பெட்டி, இரட்டை அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. டார்வினிலிருந்து கேத்தரின் வழியாகக் குனுனுரா வரை 800 கிலோமீட்டருக்கு மேல் நல்ல தார்ச்சாலைதான். 50 மீட்டருக்கும் அதிக நீளத்தில் மூன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரும் ‘ரோடு டிரெயின்’ லாரிகளை முந்தும்போது மட்டும் குலதெய்வத்தை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வண்டியின் தரம் தெரிவது அதற்குப் பிறகு வரும் கிப் ரிவர் சாலையில். கிம்பர்லிப் பகுதியின் பண்ணைகளிலிருந்து மாடுகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல 1960களில் போடப்பட்ட, ஏறத்தாழ 660 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலையின் பெரும்பகுதி இன்றும் மண்ணும் சரளையும்தான். மழைக்காலத்தில் மூடிவிடுவார்கள், மே முதல் அக்டோபர் வரைதான் நம்பிப் போகலாம். மண்ணின் நிறத்தைப் பார்த்ததும் தேவகோட்டைச் செம்மண்ணிலேயே ஓட்டுவதுபோல இருந்தது. ஆனால் சாலையின் முகம் கூரைக்குப் போடும் நெளிதகரத்தைப் போல வரிவரியாக எழும்பி இறங்குகிறது. டயரில் காற்றைக் குறைக்காமல் அதில் ஏறினால் பற்களே கழன்றுவிடும் போலிருக்கும். காற்றைக் குறைக்கும் அளவுமானியும் மறுபடி ஏற்றும் சிறு பம்பும் வண்டியிலேயே வைத்திருந்தார்கள், அதற்கு ஒரு நன்றி. ஒரு டயர் கிழிந்தது. முதல் ஸ்டெப்னி புதியது, இரண்டாவதோ தேய்ந்து வழவழத்துப் போனது என்பது அப்போதுதான் தெரிந்தது. எடுக்கும்போது இரண்டையும் கீழே இறக்கிப் பார்க்காதது என் தவறு.

கூடாரம் ஐந்தே நிமிடத்தில் விரிந்துவிடும், மெத்தையும் நன்றாக இருந்தது. ஜூலை இரவுகளில் மார்கழி விடியற்காலையைப் போலக் குளிர்ந்ததால், அவர்கள் கொடுத்த மெல்லிய போர்வை மட்டும் போதவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய தம்பதியருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நடு இரவில் ஏணி வழியாக இறங்கி ஏறுவது முழங்காலுக்கு நல்லதல்ல, மூன்றாம் நாளிலிருந்து என் மனைவி மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். பின்கதவின் ரப்பர் விளிம்பு தேய்ந்திருந்ததால் புழுதி உள்ளே புகுந்து, இடியாப்ப மாவு இருந்த டப்பாவின் மூடிக்குள்ளும் செம்மண் படிந்தது. இது சின்னக் குறைதான், ஆனால் சமையல் பெட்டி அந்த மூலையில் இருப்பதால் தினமும் கண்ணில் பட்டது.

சமையலைப் பற்றிச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. டார்வின் இருக்கும் வடபுலத்திலிருந்து (நார்தர்ன் டெரிட்டரி) மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையும் எல்லையில், குனுனுராவுக்கு முன்பாக ஒரு சோதனைச் சாவடி உண்டு. பயிர்நோயும் பூச்சியும் பரவாதிருக்கப் பழம், காய்கறி, தேன் முதலியவற்றை அங்கே வாங்கிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். வாடகை நிறுவனம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாததால் கேத்தரினில் ஒரு வாரத்துக்கென்று வாங்கிய காய் அத்தனையும் போயிற்று. விமான நிலையத்தில் ஒன்று விடாமல் எழுதிக் காட்டி அனுமதி பெற்றிருந்த பருப்புப் பொடியும் மணத்தக்காளி வற்றலும் இல்லையென்றால் கிப் ரிவர் சாலையிலுள்ள மவுண்ட் பார்னெட் கடை வரை ரொட்டியும் ஜாமும்தான். அந்தக் கடையில் டீசலும் கிடைக்கும்; விலையைப் பார்த்து மயங்காமல் தொட்டியை நிரப்பிக்கொள்வதே புத்தி.

இனி ஒப்பந்தம். கல்யாணத்தில் இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடும் ஊரில் பிறந்த நான், டார்வின் கவுண்டரில் பக்கம் பக்கமாக நீட்டிய காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டேன். முழுக் காப்பீடு என்று கூடுதல் கட்டணமும் கொடுத்தேன். அன்றிரவு கூடாரத்தில் டார்ச் வெளிச்சத்தில் படித்தபோதுதான், வண்டியின் அடிப்பாகம், கூரை, தண்ணீரால் வரும் சேதம் ஆகிய மூன்றுக்கும் அந்தக் காப்பீடு செல்லாது என்று தெரிந்தது. கல் தெறிக்கும் சாலைக்கும் ஆறு கடக்கும் பாதைக்கும் என்றே விளம்பரம் செய்து தரப்படும் வண்டிக்குக் கல்லாலும் ஆற்றாலும் வரும் சேதத்தை மட்டும் விலக்கிவைப்பதை என்னவென்று சொல்வது? ஊருக்கு வெளியே பொழுது சாய்ந்தபின் ஓட்டினாலும் காப்பீடு கிடையாது. இந்த விதியில் நியாயம் உண்டு, இருட்டியதும் மாடும் கங்காருவும் சாலையில் வந்து நிற்கின்றன. ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்ததும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னுக்கு வைக்க வேண்டும், ஜூலையில் குனுனுராவில் மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது என்பதை யாராவது சொல்லியிருந்தால் எல்லையைக் கடந்த நாளில் அப்படிப் பதறிக்கொண்டு ஓட்டியிருக்க மாட்டேன்.

பென்டகோஸ்ட் ஆற்றங்கரையில் இந்த விலக்குகள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. பாலம் கிடையாது, உருளைக்கற்கள் நிரம்பிய ஆற்றுப்படுகையிலேயே இறங்கிக் கடக்க வேண்டும். வேறு ஆறுகளில் முதலில் இறங்கி நடந்து ஆழம் பார்ப்பது வழக்கம். இங்கே உவர்நீர் முதலைகள் இருப்பதால் அதுவும் ஆகாது. கோக்பர்ன் மலை மாலை வெயிலில் செவ்வண்ணமாக நிற்க, முன்னால் போகும் வண்டிக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பண்ணைக்காரர் ஒருவர் வந்து கடந்தார், தண்ணீர் அவருடைய சக்கரத்தில் பாதிகூட ஏறவில்லை. அதே தடத்தில் தாழ்ந்த கியரில் நிதானமாகப் போனேன். வண்டி ஒரு முறைகூட முனகவில்லை. மறுகரையில் ஏறியபிறகே என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பின் பெல் பள்ளத்தாக்கு அருவியும், நன்னீர் முதலைகள் கரையில் வெயில் காயும் விண்ட்ஜானா பள்ளத்தாக்கும், 750 மீட்டர் நீளமுள்ள டனல் கிரீக் குகையும் பார்த்தோம். நம் பக்கத்துப் பப்பரப்புளியின் உறவான போவாப் மரங்கள் வழி நெடுகிலும் வயிறு பருத்து நின்றன.

புரூமில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது பணியாளர் தரையில் படுத்து அடிப்பாகத்தைப் பார்த்து, ஒரு கீறலுக்கும் கிழிந்த டயருக்கும் முன்பணத்தில் பிடித்தம் உண்டு என்றார். எடுக்கும் நாளிலேயே அடிப்பாகத்தை நான் செல்பேசியில் படம் எடுத்து வைத்திருந்ததால் கீறல் பழையது என்பதை மறுக்க முடியவில்லை. டயருக்கு மட்டும் கழித்துக்கொண்டு, மூன்று வாரம் கழித்து மீதியை அனுப்பினார்கள். உட்புறப் புழுதியைத் துடைக்கவென்று தனியே ஒரு தொகையும் எடுத்திருந்தார்கள். பின்கதவு ரப்பரைச் சுட்டிக்காட்டி அதற்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இன்னும் வரவில்லை.