கழுத்தில் பேனா, தொடையில் கஃப்: பிகேடி நோயாளிகளுக்கு ஸ்ஃபிக்மோகார் எக்ஸ்செல் எப்படி?

பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரக நோயில், அதாவது பிகேடியில், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் பழுதானால் தேங்கும் கழிவு) ஏறும் முன்பே ரத்தக்குழாய் விறைக்கத் தொடங்கிவிடும். நோய்க்குக் காரணமான மரபணுக்கள் தயாரிக்கும் பாலிசிஸ்டின் புரதம் சிறுநீரகத்தில் மட்டுமில்லை, தமனிச் சுவரிலும் இருக்கிறது. ஆக, இங்கே அளக்க வேண்டியது 30 வயதுக்காரரின் தமனியை. ஸ்ஃபிக்மோகார் எக்ஸ்செல் அந்த விறைப்பை அளக்கும் கருவி.

விறைப்பைச் சொல்லும் எண் நாடி அலை வேகம்: தமனி விறைக்க விறைக்க, நாடித் துடிப்பின் அலை அதில் வேகமாக ஓடும். கையில் பிபி கஃப் மட்டும் கட்டி இந்த வேகத்தைக் காட்டும் கருவிகளில் சில, அந்த எண்ணைப் பெரும்பாலும் வயதையும் மேல் பிபியையும் வைத்தே கணக்குப் போடுகின்றன. 30 என்று வயது கொடுத்தால் கிட்டத்தட்ட 30 வயதுக்கான எண்தான் வரும். வயதை முந்திக்கொண்டு விறைக்கும் நோயில் அது எதற்கு?

ஆஸ்திரேலியாவின் ஆட்கார் மெடிக்கல் உருவாக்கிய ஸ்ஃபிக்மோகார் எக்ஸ்செல் அலையை நேரடியாகவே அளக்கிறது. தொடையில் கஃப், கழுத்து நாடியில் பேனா போன்ற டோனோமீட்டர், அதாவது நாடியை அழுத்தி அலையைப் பதியும் உணர்வி. இரண்டு அலையும் ஒரே நேரத்தில் பதிவாகும். பழைய மாடலில் ஈசிஜி ஒட்டி, கழுத்தையும் தொடை இடுக்கையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அந்தச் சங்கடம் இதில் இல்லை. பேனாவுக்கு மட்டும் கை பழக வேண்டும்: அதிகம் அழுத்தினால் அலையின் உச்சி தட்டையாகும், குறைத்தால் அலை ஆடும்.

அலை போன தூரத்தை நேரத்தால் வகுத்தால்தான் வேகம், தூரத்தை நீங்கள்தான் டேப்பால் அளக்க வேண்டும். எனவே கவனம் முழுக்க டேப்பில் இருக்கட்டும். கழுத்துக்குக் கீழே மார்பெலும்பின் மேல்முனைக் குழியிலிருந்து தொடைக் கஃப் வரை அளக்கும்போது, கட்டிகளால் வீங்கிய சிறுநீரகமும் கல்லீரலும் வயிற்றை மேடாக்கியிருக்கும். டேப் அந்த மேட்டில் ஏறி இறங்கினால் தூரம் கூடும், வேகமும் கூடும். கணக்கில் வரும் தூரம் 500 மி.மீ., நேரம் 60 மில்லி விநாடி என்றால் விநாடிக்கு 8.3 மீட்டர், அதே ஆளுக்கு 540 மி.மீ. என்று எழுதினால் 9. ஒன்றுமே மாறாமல் தமனி 'விறைத்துவிட்டது'! டேப்பை வயிற்றில் படியவிடாமல் நேர்கோட்டில் பிடியுங்கள். இரு முனைகளுக்கு நடுவே நேர்தூரம் காட்டும் பெரிய காலிப்பர் இருந்தால் இன்னும் நல்லது.

அளக்கும் முன் 3 மணி நேரம் காபி, சிகரெட் கூடாது. 10 நிமிடம் படுத்திருக்க வேண்டும், பேசவோ தூங்கவோ கூடாது. பெரிய வயிறு உள்ளவர்களுக்கு மல்லாந்து படுப்பதே கஷ்டம், அவசரப்படுத்த வேண்டாம். இரண்டு முறை எடுங்கள், விநாடிக்கு 0.5 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது எடுத்து, நடு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் பிபி கஃப் கட்டாதீர்கள். இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் அளவை நம்ப முடியாது.

பெரியவர்களுக்கு விநாடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் கவலை என்பது பொது எல்லை. இளம் பிகேடி நோயாளிக்கு அது தாராளமான எல்லை. அவர் வயதின் வழக்கமான அளவோடு ஒப்பிடுங்கள். பிபி ஏறினாலே வேகமும் ஏறும் என்பதால் அந்த நேரத்து பிபியையும் பக்கத்தில் எழுதுங்கள்.

டயாலிசிஸ் நோயாளிகளில் விறைப்பு கூடினால் இறப்பும் கூடுவது பிரான்சில் 241 பேரைத் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியான ஆய்விலேயே தெரிந்தது. பிகேடியில் மருந்தை முடிவு செய்ய இந்த எண் போதாது. சிறுநீரகப் பருமனும் இ-ஜிஎஃப்ஆரும் (சிறுநீரகம் வடிகட்டும் திறனின் மதிப்பீடு)தான் முன்னே நிற்கும்.

பிகேடி நோயாளிகள் நிறைய வரும் கிளினிக் என்றால் வாங்கலாம். நோயாளிக்கோ, மேல்கையில் கட்டும் நல்ல பிபி மெஷின்தான் முதல் செலவு. 2014இல் வெளியான ஹால்ட்-பிகேடி ஆய்வில், சிறுநீரகம் நன்றாக இயங்கிய 15 முதல் 49 வயதுக்காரர்களுக்கு பிபியை 95-110/60-75க்கு இறக்கியபோது, சிறுநீரகம் பருக்கும் வேகம் ஆண்டுக்கு 6.6 சதவீதத்துக்குப் பதில் 5.6 ஆனது. அந்த பிபியை வீட்டில் தினமும் பார்க்க எக்ஸ்செல் தேவையில்லை.