அல்சூரில் ஒரு வார இறுதிக் கூடைப்பந்துப் பயிற்சி: ஒரு தாயின் மதிப்பீடு

பெங்களூரு அல்சூரில் நடக்கும் இந்தப் பயிற்சியில் என் மகளைச் சேர்த்து ஆறு மாதங்கள் ஆகின்றன. நான் மிகவும் மதிப்பது, பிள்ளைகள் ஓடிக் களைத்த பிறகு, தோழிகள் சுற்றி நிற்க, ஒவ்வொருவரையும் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல், கோட்டில் நின்று கூடையை நோக்கி எறிவது) எறியச் சொல்லும் முறையைத்தான். என் மகளின் விரல்கள் பந்தின் மேல் நடுங்கியதையும், பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்ததும் இரண்டு சிறுமிகள் ஓடிவந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்ததையும் அருகில் நின்று பார்த்தேன்.

பயிற்சியாளர் அடிக்கடி எடுத்துக்காட்டுவது, அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடிய யானிஸ் அன்டெடோகௌன்ம்போவை. 2021 என்.பி.ஏ. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 19 ஃப்ரீ த்ரோக்களில் 17-ஐக் கூடைக்குள் போட்டு, மொத்தம் 50 புள்ளிகள் எடுத்து, மில்வாக்கி பக்ஸ் அணிக்குக் கோப்பையை வென்று தந்த அவர், 2023-இல் முதல் சுற்றிலேயே மயாமி அணியிடம் தோற்றபோது, இந்தப் பருவம் தோல்வியா என்று கேட்ட செய்தியாளரிடம், 15 ஆண்டுகள் ஆடி 6 கோப்பைகள் வென்ற மைக்கேல் ஜோர்டனுக்கு மற்ற ஒன்பது ஆண்டுகளும் தோல்வியா என்று திருப்பிக் கேட்டார். தோற்று வந்த பிள்ளைகளிடம் பயிற்சியாளர் இதைத் தமிழிலும் கன்னடத்திலும் பொறுமையாக விளக்குவது எனக்கு மனநிறைவைத் தருகிறது.

மழை பெய்தால் வகுப்பு ரத்தாகிறது. அதற்கு ஈடாக வேறு நாளில் வகுப்பு வைப்பதில்லை. இதை நிர்வாகம் அவசியம் சரிசெய்ய வேண்டும். அடுத்த காலாண்டுக் கட்டணத்தைச் செலுத்திவிட்டேன்.