துப்பாக்கி பர்மிட் என்று 185,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் கவனம்!

185,000 ரூபாய். அது போயே போய்விட்டது என்று முந்தாநாள்தான் உறுதியானது. இலங்கை மலைநாட்டில், ஹப்புத்தளைக்குக் கீழே மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். இப்படி மாட்டாமல் இருக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

வெளிநாட்டு வேட்டைக்காரர்களை அழைத்து வரும் பயண ஏஜென்சி என்று வாட்ஸ்அப்பில் வந்தார்கள். நான்கு பேர், பத்து நாள், மூன்று அறையும் அவர்களுக்கே. சொந்தத் துப்பாக்கியோடு வந்து காட்டுப்பன்றி சுடுவார்களாம். இங்கே உருளைக்கிழங்கு போட்ட யாரைக் கேட்டாலும் பன்றி படுத்தும் பாட்டைச் சொல்வார்கள், அதனால் எனக்கு வித்தியாசமாகத் தெரியவில்லை. பேசியவர் வாய்க்கு வாய் "அண்ணே" என்றார். ஆயிரத்துக்கு மேல் யானை சுட்ட மேஜர் ரோஜர்ஸ் 1845-இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்த கதையைக்கூடச் சொன்னார். எங்கள் ஊர்க் கதை இவ்வளவு தெரிந்தவன் பொய்யனாக இருப்பானா என்று நினைத்தேன். நம்பியது அந்த இடத்தில்தான்.

அப்புறம் ஒரு படிவம் அனுப்பினார். மேலே சிங்க முத்திரை, கீழே துப்பாக்கியின் வகை, தொடர் இலக்கம் எழுதக் கட்டங்கள், "60 நாள் செல்லுபடி". விடுதிக்காரர் கையெழுத்துப் போட்டுக் கட்டணமும் கட்ட வேண்டும், அறை வாடகையோடு திரும்பி வரும் என்றார். மனைவி சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும்போது, "ரசீது தருவாங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள். தருவார்கள் என்றேன். அதை அடகு வைத்துத்தான் 185,000 ரூபாய் போட்டேன்.

அதற்குப் பிறகு "அமைச்சில் லீவு அண்ணே", "சிஸ்டம் வேலை செய்யல அண்ணே", "திங்கட்கிழமை பாருங்க". மூன்று திங்கட்கிழமை போனது. இப்போது மெசேஜைப் பார்க்கிறான், பதில் இல்லை. பொலிஸில், "நீங்களாத்தானே காசு போட்டீங்க?" என்றார்கள். வயிறு எரிகிறது.

டொரொண்டோவில் இருக்கும் மச்சானுக்கு அந்தப் படிவத்தை அனுப்பினேன். ஓரத்தில் பொடி எழுத்தில் 5589 என்று இருந்ததை அவன்தான் கண்டுபிடித்தான். அது கனடாவுக்குத் துப்பாக்கியோடு போகிற வெளிநாட்டவர் நிரப்பும் படிவத்தின் இலக்கம். அங்கே அதை முன்கூட்டியே கையெழுத்துப் போடவே கூடாதாம். எல்லையில் சுங்க அதிகாரியின் கண் முன்னால் போட வேண்டும். எத்தனை துப்பாக்கி இருந்தாலும் கட்டணம் 25 டொலர், அதையும் கொண்டு வருகிறவர்தான் கட்ட வேண்டும். அந்தப் படிவத்தின் தலையை வெட்டி நம் சிங்கத்தை ஒட்டியிருக்கிறான் பாவி.

நம் நாட்டில் துப்பாக்கிச் சட்டம் 1916-இலிருந்து இருக்கிறது. வெளியிலிருந்து துப்பாக்கி கொண்டு வர பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். மரையோ சிறுத்தையோ சுட்டால் ஜெயில். இதையெல்லாம் பிரதேச செயலகத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 185,000 ரூபாய் என் கையில் இருந்திருக்கும்.

விவரமாக எழுத இப்போது மனசு இல்லை. தனியாள் கணக்குக்குக் காசு போடாதீர்கள். துப்பாக்கி என்று யார் பேசினாலும் முதலில் செயலகத்துக்குப் போங்கள். அட்வான்ஸ் விருந்தாளிதான் தர வேண்டும், நாம் இல்லை. எல்ல, பண்டாரவளைப் பக்கம் உள்ளவர்களுக்கு இதை உடனே அனுப்புங்கள், நேற்று எல்லவில் ஒருவருக்கும் இதே படிவம் போயிருக்கிறது.