ஹாலா, செகினா: 2010 தேர்வில் யாருக்கு முதலிடம்?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் தேசிய ஹாக்கி லீகில், அணிகள் இளம் வீரர்களை வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் 2010 வீரர் தேர்வில் டெய்லர் ஹாலா, டைலர் செகினா என்ற கேள்வி எளிதில் முடிவாகாததற்கு, ஒன்டாரியோ ஜூனியர் லீகில் இருவருமே சரியாக 106 புள்ளிகள் (கோல்களும் கோலுக்கு உதவிய பாஸ்களும் சேர்ந்த கணக்கு) எடுத்திருந்தது முக்கியக் காரணம்.

ஆட்டங்கள்: ஹாலுக்கு 57 போதுமாயின, செகினுக்கு 63 தேவைப்பட்டன.
கோல்கள்: ஹால் 40, செகின் 48.
இடம்: ஹால் இடது விங் (இடப்பக்கத் தாக்குதல் வீரர்), செகின் சென்டர் (நடுத் தாக்குதல் வீரர்). திறமை சமமென்றால், தற்காப்புக்கும் இறங்கிவரும் சென்டருக்கே பொதுவாகக் கிராக்கி அதிகம்.
பெரிய மேடை: ஹாலின் வின்ட்சர் அணி 2009, 2010 ஆகிய இரு ஆண்டுகளிலும் கனடாவின் ஜூனியர் சாம்பியன்ஷிப்பான மெமோரியல் கோப்பையை வென்றபோது, இரு முறையும் தொடரின் சிறந்த வீரர் ஹால்தான்; இந்த வரியில் செகினுக்கு எழுத ஒன்றுமில்லை.

முந்தைய சீசனில் கடைசி இடத்துக்குச் சரிந்து, உடனே களமிறக்க ஆள் தேடிய எட்மன்டன் அணிக்கு ஹாலே பொருத்தம். அனுபவமுள்ள சென்டர்களை ஏற்கெனவே வைத்திருந்ததால் பொறுமையாக வளர்க்க முடிந்த பாஸ்டன் அணிக்குச் செகின். தேர்வும் அப்படியே அமைந்தது: முதலிடத்தில் ஹால், இரண்டாமிடத்தில் செகின்.