12க்கு 14-ஆ, 11க்கு 15-ஆ?

புத்தகம் போடப் போகிறவர்கள் டிடிபி (கணினியில் பக்க அமைப்பு) செய்பவரிடம் முதலில் சொல்வது, "எழுத்து பெரிசா இருக்கணும்" என்பதுதான். அவரும் 12 பாயிண்ட் வைத்து, பக்கம் கூடிவிடக் கூடாதே என்று வரிக்கு வரி (ஒரு வரியின் அடியிலிருந்து அடுத்த வரியின் அடி வரை) 14 பாயிண்ட் கொடுத்துவிடுவார். அதே பக்கக் கணக்குக்குள் 11க்கு 15 வைத்துப் பாருங்கள், கண்ணுக்கு எவ்வளவோ சுகம்.

ஒரு அங்குலத்துக்கு 72 பாயிண்ட். டெமி 1/8 என்ற அளவுள்ள புத்தகத்தில், ஓரம் போக எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் 7 அங்குலம் என்று வையுங்கள், 504 பாயிண்ட். 14 பாயிண்ட் வரி என்றால் பக்கத்துக்கு 36 வரி, 15 என்றால் 33தான். மூன்று வரி போச்சே என்று தோன்றும். ஆனால் எழுத்து சிறிதானதால், முன்பு 11 எழுத்து நின்ற இடத்தில் இப்போது 12 நிற்கும். 33 வரியில் அடங்குவது பழைய 36 வரிச் சரக்கேதான். 160 பக்கம் 160 பக்கமாகவே இருக்கும், ஃபாரமும் (16 பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம்) பத்தைத் தாண்டாது.

தமிழுக்கு இந்த இடைவெளி ஏன் அவ்வளவு முக்கியம்? மேல் வரியில் 'குழு' வந்து, அதற்கு நேர் கீழே 'மீனவர்' வருகிறது. ழுவின் வால் கீழே இறங்க, மீயின் சுழி மேலே ஏற, 12க்கு 14-இல் இரண்டும் கிட்டத்தட்ட உரசிக்கொண்டு நிற்கும். பக்கம் முழுக்க இப்படி வந்தால் எழுத்து பெரிதாக இருந்தும் கண் வரி தாவிவிடும். இன்டிசைன் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் 'ஆட்டோ' என்று விட்டால் 120 சதவீதம், அதாவது 12க்கு 14.4 தான் வரும், தமிழுக்கு அது போதவே போதாது.

வயதானவர்கள் படிக்கும் புத்தகம் என்றால் நான் 12க்கு 16-இன் பக்கம் சாய்வேன். வரி 31 ஆகிவிடும், 160 பக்கம் 186ஐத் தொடும், பத்து ஃபாரம் பன்னிரண்டாகும். காசு கூடத்தான் செய்யும், ஆனாலும் அது வீணில்லை.

இதெல்லாம் ஒரே எழுத்துருவுக்குள் செய்யும் கணக்கு. பாயிண்ட் என்பது எழுத்தின் உயரமே அல்ல, ஈய அச்சுக் காலத்தில் எழுத்து உட்கார்ந்திருந்த கட்டையின் உயரம். வரிக்கு நடுவே செருகிய ஈயத் தகட்டிலிருந்துதான் வரி இடைவெளிக்கு 'லெடிங்' என்ற பெயரும் வந்தது. பாயிண்ட் கட்டையின் உயரம் என்பதால்தான் 12 பாயிண்ட் லதா எழுத்துரு பெரிதாகவும் அதே 12 பாயிண்ட் விஜயா எழுத்துரு சிறிதாகவும் தெரிகிறது. எழுத்துருவை மாற்றினால் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும்.

வேர்டில் செய்பவர்கள் 'சிங்கிள்', '1.5' இரண்டையும் விட்டுவிடுங்கள். அது எழுத்துருவின் சொந்த உயரத்தைப் பெருக்குகிற கணக்கு. நடுவில் ஒரு ஆங்கிலச் சொல் வேறு எழுத்துருவில் வந்தால் அந்த வரி மட்டும் விலகி நிற்கும். 'எக்ஸாக்ட்லி' போட்டு 15 என்று கொடுங்கள்.

அப்புறம், திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு விதத்திலும் ஒரே பக்கத்தை 'ஆக்சுவல் சைஸ்' வைத்து அச்செடுத்து (பக்கத்துக்குள் அடக்கும் 'ஃபிட்' அளவையே மாற்றிவிடும்), இரவு விளக்கடியில் பத்து நிமிடம் படித்துப் பாருங்கள்.