நானோ போர்டு 40, ரூ.9,400 போச்சு: பவர் பின்னையும் அனலாக் பின்னையும் அளக்காமல் மொத்தமாக வாங்காதீங்க

ரூ.9,400. நாற்பது போர்டு, ஒன்று 235 ரூபாய். அர்டுயினோ நானோ (நாமே புரோகிராம் ஏற்றிக்கொள்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டு) வடிவம், உள்ளே மூளையாக ஏடிமெகா328பி (சுருக்கமாக 328பி) சிப் என்று விற்றது. கடை பெயர் போடவில்லை. எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகம் மட்டும் விற்கிற ஆன்லைன் கடை, 999 ரூபாய்க்கு மேல் கூரியர் இலவசம், வாட்ஸ்அப்பில் "டெக்னிகல் சப்போர்ட்" என்று ஒரு நம்பர். இந்த வகையில் பத்துக் கடை இருக்கு, அதில் ஒன்று. வாங்குவதற்கு முன் என்னென்ன பார்க்கணும் என்பதைக் கடைசியில் விரிவாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், கை இன்னும் நடுங்குது.

நம்ப வைத்த விதத்தைக் கேளுங்க. முதலில் சாம்பிளாக இரண்டு போர்டு அனுப்பினார்கள். இரண்டும் சுத்தமான சரக்கு: நிஜ 328பி, ரெகுலேட்டர் (வரும் வோல்ட்டை 5-ஆகக் குறைக்கும் பாகம்) 78எம்05, ஏரெஃப் பின்னில் (அனலாக் அளவீட்டுக்கு ஒப்பீட்டு வோல்ட் நிற்கிற பின்) 100 நானோஃபாரட் கெபாசிட்டர், யூஎஸ்பி பக்கம் மின்சாரம் லேப்டாப்புக்குத் திரும்பாமல் தடுக்கும் ஷாட்கி டயோடு, எல்லாம் இடத்தில் இருந்தது. "மொத்த ஆர்டரும் இதே லாட்தானா?" என்று எழுத்தில் கேட்டதற்கு, "ஆமா சார், சேம் லாட், சேம் பிசிபி" என்று பதில் (பிசிபி என்பது பாகங்களைப் பதிக்கிற அச்சுப் பலகை). கூடவே சிப்பின் மேல் எழுத்து தெளிவாகத் தெரிகிற போட்டோ, சர்க்யூட் பிடிஎஃப். வின், அதாவது வெளி மின்சாரம் உள்ளே வருகிற பவர் பின் பற்றியும் கேட்டேன்: "வின்னில் எவ்வளவு வோல்ட் தாங்கும்?" "7 முதல் 20 வரை கவலையே வேண்டாம் சார், 1 ஆம்ப் வரும்." அந்த "1 ஆம்ப்" விற்கிறவன் வழக்கமாக விடுகிற ரீல், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சாம்பிள் நன்றாக இருந்ததே, அதுதான் தூண்டில். பணம் போனது.

வந்த நாற்பதும் வேறு பிசிபி. நிறம் அதே நீலம், அச்செழுத்தும் அதே, ஆனால் பாகங்கள் வேறு.

ரெகுலேட்டரிலிருந்து வருகிறேன். எங்கள் வேலைக்குப் போர்டு ஓட வேண்டியது 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியில், சோலார் சார்ஜரோடு. சார்ஜ் ஏறும்போது அது 14.4 வோல்ட் வரை போகும். பழைய நானோவின் விவரத்தில் வின் பின்னுக்கு 7 முதல் 12 வரை சிபாரிசு, 6 முதல் 20 வரை எல்லை என்று இருக்கும். அந்த 20-ஐ நம்பி 14.4 கொடுப்பதில் தப்பே இல்லை, சரியான ரெகுலேட்டர் இருந்தால். இதில் போட்டிருந்தது ஏஎம்எஸ்1117-5.0. அதன் டேட்டாஷீட்டில் உள்ளீட்டின் உச்ச எல்லையே 15 வோல்ட். 20 என்று விளம்பரம், 15-இல் சாகிற பாகம்.

சூடு அடுத்தது. 14.4-இலிருந்து 5 கழித்தால் 9.4 வோல்ட். போர்டு, ஒரு ரிலே (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்), இரண்டு சென்சார் சேர்த்து 100 மில்லிஆம்ப் என்று வையுங்கள்: 0.94 வாட் முழுக்க அந்தச் சின்னப் பாகத்தில் சூடாகிறது. செப்புப் பரப்பு இல்லாத இந்த மாதிரி பிசிபியில் வாட்டுக்குச் சுமார் 90 டிகிரி ஏறும். பெட்டிக்குள் வெயிலில் 45 டிகிரி இருந்தால், உள்ளே 130 டிகிரி. அந்தப் பாகத்துக்கு அனுமதி 125. நல்ல ஏஎம்எஸ்1117 என்றால் இன்னும் சூடேறும்போது தானாக அணைந்து, ஆறி, மறுபடி எழும். இவை அணையவில்லை. முதலில் போட்ட போர்டிலேயே ரெகுலேட்டர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, 14.4 வோல்ட் நேராக 5 வோல்ட் கம்பியில் இறங்கியது. சிப், யூஎஸ்பி சிப், ரிலே மாடியூல், சென்சார் எல்லாம் ஒரே நொடியில் காலி. அந்தச் செலவு 9,400-இல் சேராது.

ஷார்ட் ஆகாதவையும் லட்சணம் இல்லை. ஏஎம்எஸ்1117-க்கு வெளியீட்டில் 22 மைக்ரோஃபாரட் டான்டலம் கேட்கிறது டேட்டாஷீட். இவன் போட்டது கடுகளவு செராமிக் ஒன்று, பக்கத்தில் இன்னொன்றுக்கு இடம் விட்டு, காலியாக. ஸ்கோப்பில் (வோல்ட் ஆடுவதைத் திரையில் காட்டுகிற கருவி) பார்த்தால் 5 வோல்ட் கம்பி கிட்டத்தட்ட 200 மில்லிவோல்ட் ஆடுகிறது.

அனலாக் பின்னுக்கு இது என்ன செய்யும் என்று பாருங்க. 328பி-யில் ஏடிசி (வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) 10 பிட், அதாவது 0 முதல் 1023 வரை எண். எதுவும் மாற்றாவிட்டால் அந்த 5 வோல்ட் கம்பியேதான் ரெஃபரன்ஸ், அதாவது ஒப்பிட்டு அளக்கும் அளவுகோல். 30 கிலோஓம், 10 கிலோஓம் பிரிப்பான் வழியே 12.6 வோல்ட் பேட்டரி 3.15 வோல்ட்டாக பின்னுக்கு வருகிறது. ரெஃபரன்ஸ் அசையாமல் 5 என்றால் 645 வரும். ரெஃபரன்ஸ் 4.9-க்கும் 5.1-க்கும் நடுவே ஆடினால் 658-க்கும் 632-க்கும் நடுவே குதிக்கும். பேட்டரி கணக்கில் அது அரை வோல்ட். லெட்-ஆசிட்டில் 12.6 என்றால் முழு சார்ஜ், சுமார் 12.1 என்றால் பாதி. நிறைந்ததா பாதியா என்று சொல்ல முடியாத மீட்டரை வைத்து என்ன செய்வது?

சரி, 5 வோல்ட்டை நம்பாமல் சிப்புக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸுக்குப் போகலாம். 150 கிலோஓம், 10 கிலோஓம் போட்டால் பேட்டரி பதினாறில் ஒன்றாகக் குறையும். 14.4 வோல்ட் 0.9 ஆகிவிடும், மின்மறுப்பும் டேட்டாஷீட் கேட்கும் 10 கிலோஓமுக்குள் நிற்கும். ஒரு படி 17 மில்லிவோல்ட், பேட்டரிக்கு இது தாராளம். ஆனால் ஏரெஃப்பில் இருக்க வேண்டிய 100 நானோஃபாரட் இந்தப் போர்டில் இல்லை. வெளியே வைத்துக்கொள்ளலாம் என்றால், ஏரெஃப் என்று எழுதியிருக்கும் ஓட்டைக்கும் சிப்பின் 20-ஆம் காலுக்கும் தொடர்பே இல்லை! மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்தால் சத்தம் வராது. டிஎல்431 (நிலையான வோல்ட் தருகிற பாகம்) போட்டு வெளி ரெஃபரன்ஸ் கொடுக்கும் வழியும் அத்தோடு அடைபட்டது. ஓட்டையைப் போட்டு பெயரையும் அச்சடித்துவிட்டு, தடம் இழுக்காமல் விட்டிருக்கிறான். இதை என்னவென்று சொல்வது.

ஏ6, ஏ7 என்ற இரண்டு பின்னும் நானோவில் உண்டு, பெரிய போர்டான ஊனோவில் கிடையாது. அவை அனலாக் மட்டும். டிஜிட்டலாகப் பயன்படாது, உள் புல்-அப்பும் (பின்னை 5 வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) இல்லை. பாதிப் போர்டுகளில் ஏ7-இன் கால் சோல்டர் பிடிக்காமல் தூக்கி நிற்கிறது.

இனி சிப். எல்லாவற்றிலும் ஏடிமெகா328பி என்று எழுத்து இருக்கிறது. ஐடிஇ-யில் (புரோகிராம் எழுதி ஏற்றும் மென்பொருள்) நானோ 328பி என்று தேர்வு செய்து, விளக்கை மினுக்கும் சோதனை புரோகிராமான ப்ளிங்க் ஏற்றினால் ஏறுகிறது, விளக்கு மினுங்குகிறது. ஆனால் 128-க்கு 64 ஓஎல்இடி திரை போட்டால் திரை கறுப்பு. காரணம் எளிது. அந்தத் திரையின் பொதுவான லைப்ரரி 1,024 பைட் ரேம் எடுக்கும். 328பி-யில் 2,048 பைட் உண்டு. அதன் தம்பி சிப்பான 168-இல் மொத்தமே 1,024. ஐடிஇ 328 என்று நினைத்துக்கொண்டு எந்த எச்சரிக்கையும் தராது. சந்தேகம் வந்து யூஎஸ்பி வழியாக சிக்னேச்சர் (சிப்பின் அடையாள எண்) படித்தால் 1ஈ-95-0எஃப், அதாவது 328பி என்றே வருகிறது. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். யூஎஸ்பி வழியே பதில் சொல்வது சிப் இல்லை, பூட்லோடர் (புரோகிராமை வாங்கிக்கொள்ள சிப்பில் முன்பே ஏற்றி வைத்த சின்ன மென்பொருள்). ஆப்டிபூட் மாதிரி பூட்லோடரில் அந்த எண் கம்பைல் செய்யும்போதே எழுதி வைப்பது. எதை எழுதினானோ அதைச் சொல்லும். ஆறு பின் ஐசிஎஸ்பி (பூட்லோடர் இல்லாமல் சிப்போடு நேராகப் பேசும் இணைப்பு) வழியாக, ஒரு யூஎஸ்பிஏஎஸ்பி ப்ரோகிராமரை வைத்து சிப்பிடமே நேராகக் கேட்டால்தான் உண்மை வரும். கேட்டோம்: 1ஈ-94-0பி. ஏடிமெகா168பி. ஃப்ளாஷ் 32 கேபி இல்லை, 16. ஈஈப்ராம் 1,024 இல்லை, 512. நாற்பதில் 29 இப்படி. மீதி 11 நிஜ 328பி, எல்லாம் மேல் அடுக்கில். திறந்து பார்ப்பவன் மேலே உள்ளதைத்தானே சோதிப்பான்!

சிப்பின் முகத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தேய்த்த கோடு தெரிகிறது. அசிட்டோனில் பஞ்சை நனைத்துத் தேய்த்தால் கறுப்புப் பூச்சு பஞ்சில் வருகிறது. லேசரில் செதுக்கிய எழுத்து அப்படிக் கரையாது. இது பழைய திருட்டுத்தான். 2010-லேயே அமெரிக்காவின் ஸ்பார்க்ஃபன் நிறுவனத்துக்கே ஏடிமெகா328 என்று முத்திரை குத்திய போலி சிப்புகள் வந்து சேர்ந்தன. அப்போது உள்ளே வேறு சில்லே இருந்தது, இப்போது தம்பியை அண்ணன் என்று விற்கிறான்.

புகார் போட்டதற்கு வந்த பதில்களை வரிசையாகப் போடுகிறேன், ஸ்க்ரீன்ஷாட் இருக்கு.

முதலில்: "பவர் லைட் எரியுதா சார்? எரியுதுன்னா போர்டு ஓகே."

அப்புறம்: "உங்க கோடிங் மிஸ்டேக் சார்."

அப்புறம்: "யூஎஸ்பில போட்டா ரீடிங் மாறத்தான் செய்யும், நானோவே அப்படித்தான்." இதில் பாதி உண்மை இருப்பதுதான் எரிச்சல். யூஎஸ்பியில் ஷாட்கி டயோடு 0.3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், ரெஃபரன்ஸ் 4.7 ஆகும், அதே 12.6 பேட்டரி 13.4 என்று காட்டும். அது எல்லா நானோவிலும் உள்ளது, தெரிந்து கணக்குப் போடுவோம். நாம் சொல்வது வின்னில் ஓடும்போது ஆடுவதை. அதற்குப் பதில் இல்லை.

அப்புறம்: "அன்பாக்சிங் வீடியோ இருக்கா?" இருந்தது, அனுப்பினோம். "டெக்னிகல் டீம் பாக்கும்." டெக்னிகல் டீம் நீல டிக் போட்டுவிட்டுப் போனது. பிறகு ஒருநாள் தொலைபேசியில் வந்த ஆள், "ஒரிஜினல் இத்தாலி போர்டு என்ன விலை தெரியுமா சார்? 235 ரூபாய்க்கு இதுதான் வரும்" என்றார். அதே 235-க்குத்தானே சாம்பிள் இரண்டும் கொடுத்தீர்கள் என்றால், "அது பழைய ஸ்டாக்." சேம் லாட் என்று எழுதினீர்களே என்றால், லைன் கட்.

கடைசி பதில்: "ஹெடர் சோல்டர் பண்ணிட்டீங்க, ரிட்டர்ன் பாலிசியில் வராது." ஹெடர் பின் (கம்பி மாட்டுகிற கால் வரிசை) தனியாகப் பையில் போட்டு அனுப்புகிற போர்டு அது. சோல்டர் செய்யாமல் எப்படிச் சோதிப்பது? ஒட்டி வைத்துப் பூஜை பண்ணவா?

இன்றைக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தால் "7-20 வோல்ட்" என்பது "7-12" ஆகியிருக்கிறது. "ஏடிமெகா328பி" என்பது "328 கம்பாட்டிபிள்". விலை அதே 235. ரூ.9,400-க்குப் பேச்சே இல்லை, பக்கத்தைத் திருத்த மட்டும் ஆள் இருக்கு.

விரிவாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை:

சாம்பிளை நம்பாதீங்க. மொத்தப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து ஐசிஎஸ்பியில் சிக்னேச்சர் படிங்க. யூஎஸ்பியில் படிப்பது செல்லாது.

வின்னில் 12 வோல்ட், 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர். 106 மில்லிஆம்ப் ஓடும். பத்து நிமிடம் விட்டு 5 வோல்ட்டை அளங்க. இதைச் செய்யும்போது வேறு எதையும் மாட்டாதீங்க, லேப்டாப்பை முக்கியமாக.

1.1 வோல்ட் ரெஃபரன்ஸைத் தேர்வு செய்து, அனலாக் ரீட் ஒருமுறையாவது ஓட்டிவிட்டு (ஓட்டாவிட்டால் மாறாது) ஏரெஃப் பின்னை அளங்க. 1.0-க்கும் 1.2-க்கும் நடுவே வரணும். பூஜ்யம் என்றால் தடம் இல்லை. 5 வோல்ட் ரெஃபரன்ஸில் ஓடும்போது ஏரெஃப்பில் வெளி வோல்டேஜ் கொடுத்துவிடாதீங்க, உள்ளே ஷார்ட் ஆகும்.

வின்னில் ஓட்டி, யூஎஸ்பி கேபிள் இல்லாமல், யூஎஸ்பியின் 5 வோல்ட் காலை 1 கிலோஓம் வழியே கிரவுண்டில் கட்டி அளங்க. 5 வோல்ட் வந்தால் டயோடு இல்லை, லேப்டாப் போர்ட்டுக்குத் திரும்பி ஏறும்.

சிஎச்340 என்ற யூஎஸ்பி சிப் உள்ள போர்டில் 3.3 வோல்ட் பின்னை ரேடியோ மாடியூலுக்கு நம்பாதீங்க. அது பெரும்பாலும் யூஎஸ்பி சிப்பின் காலிலிருந்து வருவது, சில மில்லிஆம்ப்தான்.

விற்பனைப் பக்கத்தை வாங்கும் அன்றே தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. மின்வணிக விதிகள் 2020-படி புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்கணும். இவன் ஒன்றும் செய்யவில்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாச்சு, ரூ.9,400-உம் கருகிய பாகங்களும் சேர்த்து.