நீல வெளிச்சம் எரியும், ட்யூப் செத்திருக்கும்: போட்டோகேட்டலிஸ்ட் ஏர் பியூரிஃபயர், மூன்று வருடம் கழித்து

போட்டோகேட்டலிஸ்ட் ஏர் பியூரிஃபயர், அதாவது ஒளி பட்டால் வாடையை உடைக்கும் பூச்சு (ஒளிவினையூக்கி) உள்ள காற்றுச் சுத்திகரிப்புப் பெட்டி பற்றி மதுரை ஒத்தக்கடை நண்பர் கேட்டது இதுதான்: "விலை பாதியா குறைஞ்சிருக்கு, ஒண்ணு வாங்கிப் போடவா?" என் பெட்டியின் ட்யூபை நான் மாற்றிய அதே வாரத்தில் கேட்டுவிட்டார். அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

பெட்டிக்குள் இருப்பது தெரிந்ததுதான். முன்னால் கழுவக்கூடிய வலை, நடுவில் 8 வாட் யுவி-சி (கிருமியைக் கொல்லும் புற ஊதாக் கதிர்) ட்யூப், அதன் இரண்டு பக்கமும் டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய, தேன்கூடு போலத் துளைகள் உள்ள அலுமினியத் தேனடை, பின்னால் ஃபேன். நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் கிடையாது. இது ஓடுவது விளாங்குடியில், ரோட்டை ஒட்டிய 120 சதுர அடி அறையில். சமையலறைக் கதவு அதற்குள்தான் திறக்கிறது. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஆறு வரை, தினமும் 12 மணி நேரம் ஓட்டம்.

வாடை விஷயத்தில் இதற்கு ஈடு இல்லை. நெத்திலிக் கருவாடு வறுத்த ராத்திரி, கதவைச் சாத்தி ஃபேனைக் குறைந்த வேகத்தில் வைத்தால் படுக்கப் போகும்போது அறையில் வாடை இருக்காது. கரி ஃபில்டரும் வாடையை எடுக்கும், ஆனால் அது பிடித்து வைத்துக்கொள்கிறது. நிறைந்துபோனால் ஈரக்காற்று அடிக்கும் ஐப்பசியில் பிடித்ததைத் திருப்பி விடும். இங்கே நடப்பது வேறு. ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற, பட்டதை உடைக்கும் வீரியமான துணுக்கு உண்டாகிறது. அது வாடை மூலக்கூறைத் துண்டாக்கிக் கடைசியில் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாக விட்டுவிடுகிறது. ஃபேனைக் குறைத்து வைக்கச் சொல்வதும் இதனால்தான். வேகமாக ஓட்டினால் காற்று தேனடையில் தங்கும் நேரம் குறைந்து, பாதி உடைந்த பொருள் வெளியே வரும்.

அந்தப் பாதி உடைந்த பொருளை மூக்கே கண்டுபிடித்துவிடும். பெட்டி ஓடும்போது பக்கத்தில் நின்று கையில் சானிடைசர் தேய்த்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் காயான ஆப்பிளை வெட்டியது போல ஒரு நெடி வரும். ஆல்கஹால் பாதியில் நின்று அசிட்டால்டிஹைடு ஆகியிருக்கிறது. இன்னும் ஒரு படி போனால் ஃபார்மால்டிஹைடு. சானிடைசர், சென்ட், பெயின்ட் தின்னர் புழங்கும் அறையில் இதை ஓட்டாதீர்கள்.

இனி என் கோபம். இந்த ட்யூப் செத்தது வெளியில் தெரியாது. யுவி-சி 254 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியவே தெரியாது. நாம் பார்க்கும் நீலம், பாதரசம் கூடவே விடுகிற 436 நானோமீட்டர் வெளிச்சம். அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடை எழுப்ப 387 நானோமீட்டருக்குக் கீழே வேண்டும். அதாவது அந்த நீலத்தால் தேனடைக்கு ஒரு பயனும் இல்லை. வருடம் போகப்போகக் கண்ணாடி மங்கி யுவியை உள்ளேயே நிறுத்திக்கொள்கிறது, நீலத்தை மட்டும் தாராளமாக வெளியே விடுகிறது. இந்த வகை ட்யூபின் ஆயுள் சுமார் 9000 மணி நேரம். 12 மணி நேர ஓட்டத்தில் இரண்டு வருடமும் சில நாட்களும், 24 மணி நேரமும் ஓட்டினால் ஒரு வருடமும் பத்து நாளும். மூன்றாம் வருடம் கருவாட்டு வாடை விடியும்வரை நின்றது, நீலம் மட்டும் முதல் நாள் போலவே எரிந்தது. மணிக்கணக்குக் காட்ட ஒரு சின்ன மீட்டர் வைத்திருந்தால் போதும். ஃபில்டர் கழுவச் சொல்லி விளக்கு மினுக்கத் தெரிந்த கம்பெனிக்கு இது தெரியாமல் போனதா? சர்வீஸுக்கு வந்தவரும் மூடி இடுக்கில் நீலத்தைப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே எரியுது" என்று எழுதிக்கொடுத்துப் போனார். ட்யூபுக்கு அவர்கள் கேட்கும் விலையில் வெளியே நாலு வாங்கலாம்.

வெளியே வாங்கும்போதும் கவனம் வேண்டும். 8 வாட் டி5, முனையில் இரண்டு பின் என்று கேட்டால் மாசி வீதிக் கடையில் கொசு மெஷின் ட்யூபை எடுத்துக் கொடுப்பார்கள். நீளமும் பின்னும் ஒன்றுதான், அப்படியே மாட்டிக்கொள்ளும். அதன் கண்ணாடி பால் வெள்ளையாக இருக்கும், விடுவது 365 நானோமீட்டர் அளவில். தேனடை வேலை செய்யும், ஆனால் கிருமியை நேரடியாகக் கொல்லும் 254 இருக்காது. சரியான ட்யூபின் கண்ணாடி தெளிவாக இருக்கும், இரண்டு முனையிலும் இழை தெரியும். போட்ட பிறகு ஜெராக்ஸ் கடை நெடி அடித்தால் 185 நானோமீட்டரும் விடுகிற ஓசோன் ரகம் வந்துவிட்டது, உடனே கழற்றுங்கள்.

மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி ட்யூப் ஆறும்வரை பொறுங்கள். பருத்தித் துணி சுற்றிய கையால் பிடித்து, கால் சுற்றுத் திருப்பினால் வந்துவிடும். விரல் எண்ணெய் பட்ட இடத்தை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்டவும். மாட்டிய தேதியை மார்க்கரால் உலோகத் தொப்பியில் எழுதுங்கள், கண்ணாடியில் வேண்டாம். மூடியைத் திறந்தால் அணைக்கும் சின்ன சுவிட்சை டேப் ஒட்டி ஏமாற்றிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணில் மணல் அள்ளிப் போட்டது போல உறுத்தும், அதுவும் சில மணி நேரம் கழித்துத்தான். பழைய ட்யூபில் பாதரசம் உண்டு. உடையாமல் சுற்றி, குப்பை வண்டியில் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

தேனடைக்கு "வாழ்நாள் முழுக்க" என்று போட்டிருக்கிறார்கள். ஒளிவினையூக்கி தேயாது என்பது உண்மைதான், ஆனால் மூடிக்கொள்ளும். ரோட்டுத் தூசி படிந்தால் ஒளி படாது. ஆடிக் காற்றில் முன்வலையை வாரம் ஒரு முறை கழுவினால்தான் தேனடை தப்பிக்கும், மற்ற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். வாகனப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் நைட்ரேட்டாகித் தேனடை மேலேயே தங்கும், அது தண்ணீரில் கரைந்து போய்விடும். ஆனால் எந்தத் தண்ணீர்? நம் பக்கத்துப் போர் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் உப்பு படியும். பூச்சும் வெள்ளை, உப்பும் வெள்ளை, கண்ணுக்குப் பிடிபடாது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை முக்கி எடுங்கள். சோப்பும் பிரஷ்ஷும் வேண்டாம்.

கழுவியும் மீளாத ஒன்று சிலிகோன். ஹேர் சீரம், பாத்ரூம் இடுக்கில் அடிக்கும் சீலன்ட் இவற்றிலிருந்து வரும் ஆவி, தேனடை மேல் சிலிக்காவாக மாறி ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு தேனடையைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சந்தேகமா? மீன் தொட்டிக் கடையில் மெத்திலீன் புளூ கிடைக்கும். வெளிர்நீலமாகக் கரைத்து, தேனடை ஓரத்தில் ஒரு சொட்டு, வெள்ளை டைல்ஸில் ஒரு சொட்டு. இரண்டையும் மத்தியான வெயிலில் மொட்டை மாடியில் வையுங்கள். டைல்ஸில் நீலம் நிற்கும்போதே தேனடையில் வெளுத்தால் பூச்சுக்கு உயிர் இருக்கிறது. இரண்டும் ஒன்று போல நின்றால் புதுத் தேனடை வாங்குங்கள்.

தண்ணீருக்கும் இதே தொழில்நுட்பம் என்று விற்க வருகிறார்கள். சுங்குடிச் சாயத் தண்ணீரின் நிறத்தைக் கூட இது வெளுக்கும், ஆனால் அதில் கரைந்த உப்பு அப்படியே இருக்கும். டிடிஎஸ்ஸும் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) ஃப்ளோரைடும் இம்மி குறையாது. கடினத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் ஹைட்ராக்சில் ராடிக்கலைத் தின்றுவிடுவதால் வேலையும் மந்தம். வீட்டுப் போர் தண்ணீருக்கு இது வேண்டாம்.

நண்பருக்கு: உங்கள் பையனுக்கு இழுப்பு, வாசலில் லாரித் தூசி. பிஎம் 2.5 என்கிற நுண்தூசியை இந்தப் பெட்டி ஒரு துளி கூடப் பிடிக்காது. பெட்டி மேல் அச்சடித்த 99.9 சதவீதக் கிருமிக் கணக்கு எவ்வளவு பெரிய அறையில், எத்தனை நிமிடத்தில் என்று எங்கேயும் எழுதவில்லை. பாதி விலை என்ன, கால் விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், அந்தப் பணத்தை ஹெப்பாவில் போடுங்கள். விளாங்குடி அறையில் இது ஓடிக்கொண்டுதான் இருக்கும். புது ட்யூபின் தொப்பியில் தேதி எழுதியாயிற்று, அடுத்ததையும் இப்போதே வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று.